புதன்கிழமைச் சில்லு

கொஞ்சம் அந்தப் பக்கமா நகந்து உக்காருங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதிய. மடியில இருக்கது பிளேடு. மரம் அறுக்க வட்ட பிளேடு. பயப்படாதிய, உங்கள ஒண்ணும் செய்யாது. அட்டைப் பெட்டி, பெட்டிக்கு மேல துணி, துணிக்கு மேல எங்க அக்காவோட பழைய போர்வை. உங்க முழங்கை பட்டு இதுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்.

கண்டக்டர் மேல தூக்கிப் போடச் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன். இந்த ரோட்டுல குதிச்சுக் குதிச்சுப் போவுத பஸ்ஸுல மேல போட்டா என்னத்துக்கு ஆகும்? இது சாதாப் பல்லு இல்ல, கார்பைடுப் பல்லு. எஃகுத் தட்டு விளிம்புல ஒவ்வொரு பல்லு நுனியிலயும் ஒரு சின்னத் துண்டு கார்பைடு வச்சு ஒட்டியிருக்கும். மாசக்கணக்குல மரம் அறுத்தாலும் கூர் போகாது. ஆனா கல்லுத் தரையில ஒரு தரம் விழுந்துச்சோ, ஓரம் பேந்துரும். அவ்வளவு கெட்டி, அவ்வளவு ரோசம்.

கீழ இருக்க கூடையா? அது ஒண்ணுமில்ல. பூவும் பழமும். அக்கா குடுத்து விட்டா. நல்லா சீட்டுக்கு அடியில தள்ளிவிட்டு காலை நீட்டி உக்காருங்க. நசுங்கினா நசுங்குது.

ஜன்னலோரமா இருக்கது உங்க வீட்டம்மாவா? வணக்கம் மைனி. ராஜபாளையம் வரைக்குமா? நான் புளியங்குடியில இறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

நம்ம பேரு குற்றாலிங்கம். தென்காசியில பிளேடு கடை. பஸ்ஸ்டாண்டுல இறங்கி 'அண்ணாச்சி பிளேடு கடை'ன்னு யாரக் கேட்டாலும் கையைக் காட்டுவாவ. ஊருக்கே நான் அண்ணாச்சிதான். எங்கப்பா வயசுல ஒரு ஆசாரி வாராரு, அவரும் என்ன அண்ணாச்சிம்பாரு. ஒரு மரியாத. இத மனசுல வச்சுக்கிடுங்க, பொறவு வாரேன் இதுக்கு.

நான் அதிகம் பேசுத ஆளு இல்ல. யாருக்கும் புத்தி சொல்லவும் மாட்டேன். மைனி ஏன் சிரிக்காவ? நெசமாத்தான் மைனி. கடைக்கு வந்து ஒருத்தன் 'நல்ல பிளேடா ஒண்ணு குடுங்க'ம்பான். நல்ல பிளேடுன்னா என்ன? செருப்புக் கடையில போயி கால் அளவு சொல்லாம 'நல்ல செருப்பா ஒண்ணு குடுங்க'ன்னு கேட்ட மாரி. நான் புத்தியெல்லாம் சொல்ல மாட்டேன், கேள்விதான் கேப்பேன். என்ன மரம்? தேக்கா, வேம்பா, பிளைவுட்டா, மைக்கா ஒட்டினதா? நெடுக்க அறுக்கப் போறியா, குறுக்க அறுக்கப் போறியா? கை மெஷினா, மேஜை மெஷினா? என்ன வேகத்துல சுத்தும்? பிளேடோட நடு ஓட்டை என்ன அளவு இருக்கணும்? இத்தனையும் சொன்னாத்தான் நான் அலமாரிப் பக்கமே திரும்புவேன்.

கேக்காம எப்பிடிக் குடுக்க முடியும்? மரத்த நெடுக்க அறுக்கதுக்குப் பல்லு கம்மியா, இடையில குழி பெருசா இருக்கணும். தூளை வாரி வெளிய தள்ளணும்லா? அதுக்குப் போயி எம்பது பல்லு பிளேடைப் போட்டா, தூளு போக வழியில்லாம மரம் கருகி, பட்டறையே புகை மண்டிரும். அதே மாரி மைக்கா ஒட்டின பலகைக்கு இருபத்திநாலு பல்லைப் போட்டா, ஓரம் நாய் கடிச்ச மாரி இருக்கும். இத நான் விளக்கிச் சொல்ல ஆரம்பிச்ச உடனே பாதிப் பேரு 'ஆளை விடுங்க அண்ணாச்சி'ன்னு எதுத்த ஹார்டுவேர் கடைக்குப் போயிருவான். போகட்டும். நான் ஒண்ணும் கவலப்படல.

இப்ப நான் போறது ஒரு தகராறுக்கு. ஆமா அண்ணாச்சி, தகராறுதான். சட்டையா? புதுசுதான். அக்கா எடுத்து வச்சா. தகராறுக்குப் போறவன் கசங்கின சட்டையிலயா போவான்? செண்டும் அவதான் அடிச்சு விட்டா.

விஷயம் என்னன்னா, புளியங்குடியில ஒரு மரப்பட்டறை. அலமாரி, கட்டில், சமையக்கட்டு வேலையெல்லாம் செய்யுதாவ. ஓனரு ஒரு பொம்பள. உலகம்மைன்னு பேரு. அப்பா நடத்தின பட்டறை. அவரு போன பொறவு பட்டறையும் இவிய தலையில, ரெண்டு தம்பிமாரும் இவிய தலையில. தம்பிமாரப் படிக்க வச்சு கல்யாணமும் முடிச்சு வச்சாவ. தான் மட்டும் அப்பிடியே இருந்துட்டாவ. என்னைவிட நாலஞ்சு வயசு கம்மியா இருக்கும். நானும் இப்பிடியே இருந்துட்டேன். அது ஜாதகம், செவ்வா, சனின்னு ஒரு பெரிய கதை, அத விடுங்க.

இந்த சீசன் ஆரம்பத்துல, குத்தாலத்துல சாரல் விழ ஆரம்பிச்ச வாரம், ஒரு புதன்கிழமை. குடையை மடக்கிட்டு கடைக்குள்ள வந்தாவ. நான் வழக்கம்போல என் கேள்வியெல்லாம் கேட்டேன். டக்கு டக்குன்னு பதிலு. அதோட விட்டாவளா? என்னையே திருப்பிக் கேக்காவ. 'பல்லு நுனி எப்பிடித் தீட்டியிருக்கு? இடமும் வலமுமா மாத்தி மாத்திச் சாய்வா? இல்ல, ஒரு பல்லு தட்டை, மறு பல்லு ரெண்டு மூலையும் சீவினதா?' கடை தொறந்த நாள்லேந்து எந்தக் கஸ்டமரும் என்கிட்ட இப்பிடி ஒரு கேள்வி கேட்டது கெடையாது. மைக்காவுக்கு ரெண்டாவது சொன்னதுதான் சரி, அது சில்லு பேக்காதுன்னு சொல்லி எடுத்துக் குடுத்தேன். அன்னைக்கு பூரா கடையில ஒரு மாரி வெளிச்சமா இருந்துச்சு. மழைக்காலத்துல எப்பிடின்னு தெரியல. டியூப்லைட்டு புதுசு மாத்தியிருந்தேன், அதான்.

அடுத்த புதன்கிழமை திரும்பி வந்து நிக்காவ. கையில ஒரு சாண் நீளத்துக்கு மைக்கா ஒட்டின பலகைத் துண்டு. 'இங்க பாருங்க'ன்னாவ. வணக்கம் இல்ல, அண்ணாச்சி இல்ல. 'இங்க பாருங்க, உங்க பிளேடு அறுத்த லட்சணத்த!' பாத்தா, ஓரம் முழுக்க சில்லு சில்லாப் பேந்து கெடக்கு. எனக்கு மானமே போச்சு.

மேஜைப் பக்கம் கூப்பிட்டு விளக்கமாச் சொன்னேன். கை மெஷின்ல அறுக்கும்போது பல்லு கீழேருந்து மேல ஏறி வரும். மேல வந்து வெளியேறுத எடத்துலதான் சில்லு பேக்கும். அதனால பலகையோட நல்ல முகத்தக் கீழ பாக்கக் கவுத்திப் போட்டுத்தான் அறுக்கணும். பேந்தாலும் பின்பக்கம்தான் பேக்கும், யாரு பாக்கப் போறா? மேஜை மெஷின்னா பல்லு மேலேருந்து கீழ இறங்கும், அப்ப நல்ல முகம் மேல. இத நான் சாக்பீஸால மேஜை மேல படம் போட்டு விளக்கினேன். கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கேட்டாவ அண்ணாச்சி. ஒரு கொட்டாவி இல்ல. வெளிய பாக்கல. மணியைப் பாக்கல. எங்க அக்காகூட என் பேச்ச இவ்வளவு நேரம் கேட்டது கெடையாது. எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, 'நான் அப்பிடித்தான போட்டு அறுத்தேன்'ன்னாவ, அலமாரியப் பாத்துக்கிட்டே.

சரி, வேற பிளேடு எடுத்துக் குடுத்தேன். அடுத்த புதன்கிழமை மறுபடியும் சில்லு. அதுக்கடுத்த புதன் 'பிளேடு மழுங்கிட்டு'ன்னு வந்தாவ. மழுங்கல, மரப்பாலு ஒட்டி அழுக்கு ஏறியிருக்கு, சோப்புத் தண்ணியில ஊறப்போட்டா சரியாப் போயிரும்னு நானே கழுவிக் குடுத்தேன். இன்னொரு புதன் 'ஆடுது'ன்னாவ. பிளேடை இறுக்குத வட்டுல தூசி இருந்தா ஆடும்னேன். இன்னொரு தரம் 'சத்தம் கேக்கு'ன்னாவ. என்ன சத்தம்னேன். யோசிச்சு யோசிச்சு, 'ஒரு மாரிச் சத்தம்'ன்னாவ. இப்பிடி ஒரு கஸ்டமர உலகத்துலயே பாக்க முடியாது. முக்காவாசி வாரம் கையில ஒரு துண்டு, எல்லா வாரமும் வாயில 'இங்க பாருங்க'.

அந்தத் துண்டெல்லாமா? கடையிலதான் இருக்கு. கல்லாவுக்குப் பக்கத்துல வரிசையா அடுக்கி, தெனமும் தொடச்சு வச்சிருக்கேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா சாட்சி வேணும்லா?

நானும் எவ்வளவோ பொறுமையாத்தான் போனேன். கோவமா வாரவியளக் குளுர வைக்கணும்னு இஞ்சி தட்டிப் போட்ட டீ வாங்கி வச்சேன். நின்னுக்கிட்டே சண்டை போடுதாவளேன்னு புதுசா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். மத்தவன் யாரையும் அதுல உக்கார விடுறது கெடையாது. கண்டவனும் உக்காந்தா காலு ஆடிரும்லா? புதன்கிழமை எங்கயும் வெளியூர் போறது இல்ல. ஒரு புதன் எங்க மாமா மக வீட்டுப் பால்காய்ச்சு. நான் போகல. கம்ப்ளைண்டு வரும்போது ஓனரு கடையில இருக்கணும், அதான் வியாபார தர்மம்.

ஆனா மரியாதன்னு ஒண்ணு இருக்குல்லா? இத்தன மாசத்துல ஒரே ஒரு தரம் என்ன அண்ணாச்சின்னு கூப்பிட்டிருப்பாவளா? இல்ல! ஊரே கூப்பிடுது. டீக்கடைக்காரன் கூப்பிடுதான், போஸ்ட்மேன் கூப்பிடுதாரு. இவியளுக்கு மட்டும் வாய் வரல. 'இங்க பாருங்க'தான். எனக்கு அது நெஞ்சுல முள்ளு மாரி உறுத்திக்கிட்டே கெடந்துச்சு.

மைனி, தண்ணி ஏதும் வேணுமா? இல்ல, மூஞ்சியப் பொத்திக்கிட்டு இருக்கியளே, அதான் கேட்டேன்.

இடைகால் ஸ்டாப்பு வந்துட்டு. சாரல் இங்க இல்ல பாருங்க. எங்க விட்டேன்? மரியாத. அதுலதான் வந்துச்சு வினை. ஒரு புதன்கிழமை அவிய டீ குடிச்சிட்டு இருக்கும்போது நம்ம பழைய கஸ்டமரு, இலஞ்சி மேஸ்திரி, கடைக்கு வந்தாரு. அவியளப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, நாற்காலியப் பாத்தாரு. 'யாரு அண்ணாச்சி இது? வாரப்பல்லாம் பாக்கேன்'னு ஒரு மாரிச் சிரிச்சாரு. நான் கௌரவமான மனுசன். ஒரு பொம்பளைக்கு நம்மால ஒரு கெட்ட பேரு வரக் கூடாதுல்லா? கணீர்னு சொன்னேன், 'இவிய எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாரி.' அதோட நிக்காம அவிய பக்கம் திரும்பி, 'நீ குடி தங்கச்சி'ன்னும் சொன்னேன். எவ்வளவு நல்ல வார்த்த! எந்தப் பொம்பளையும் சந்தோசப்படுவாள்லா?

டீ கிளாஸ டொம்முன்னு வச்சாவ. 'எனக்கு அண்ணன்மாரு கெடையாது. நான் தேடிக்கிட்டு வரவும் இல்ல'ன்னாவ. எந்திரிச்சு மழையில இறங்கிப் போயிட்டாவ. குடையைக்கூட எடுக்கல.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? சொல்லுங்க அண்ணாச்சி. என்ன, நீங்களும் ஜன்னலப் பாக்கிய?

அடுத்த புதன்கிழமை வரல. அதுக்கடுத்த புதனும் வரல. எனக்கு சோறு எறங்கல. சீசன்ல தண்ணி மாறிப் போச்சுன்னு நெனைக்கேன். கஸ்டமருக்கு இருபத்திநாலு பல்லு பிளேடு எடுக்கப் போயி ஓட்டைக்கு மாட்டுத வளையத்த எடுத்துக் குடுத்துட்டு நிக்கேன். அந்தக் குடையை மட்டும் தெனமும் காலையில விரிச்சு கடை வாசல்ல காய வச்சேன். எப்பவோ காஞ்சுதான் போச்சு, இருந்தாலும் அடுத்தவிய பொருளு, நம்ம பொறுப்பு. எங்க அக்கா செண்பகம் ஒரு நா மதியச் சோறு கொண்டாந்தவ, குடையைப் பாத்தா, என்னப் பாத்தா. 'ஏல குத்தாலம், கூறுகெட்ட மூதி, அந்தக் குடையக் கொண்டு போயி அவகிட்ட குடுல'ன்னா. எல்லாத்துக்கும் ஏசுவா. சின்ன வயசுலேந்தே அப்பிடி.

போனேன். குடையைக் குடுத்த மாரியும் ஆச்சு, பிளேடு ஏன் சில்லு பேக்குன்னு நேர்ல பாத்த மாரியும் ஆச்சு. அங்கன போயிப் பாத்தா, அண்ணாச்சி, எனக்குத் தலையே சுத்திட்டு.

பட்டறையில மூணு பேரு அறுத்துட்டு இருக்கான். என் பிளேடுதான். ஒரு சில்லு இல்ல! ஓரத்துல விரல வச்சுத் தடவுதேன், கண்ணாடி மாரி இருக்கு. நல்ல முகம் கீழ, கச்சிதமாப் போட்டு அறுக்கான். 'யாருப்பா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா'ன்னேன். அங்க இருந்த மூத்த ஆசாரி என்ன ஒரு மாரிப் பாத்தாரு. 'எங்க ஓனரம்மாதான். பத்து வயசுலேந்து அவங்கப்பா பக்கத்துல நின்னு அறுத்தவங்கல்லா? எங்களுக்கு மைக்காவுல சில்லு பேந்தா அன்னைக்கு சோறு கெடையாது'ன்னாரு. 'அப்ப புதன்கிழமை அவிய கொண்டு வார துண்டு?'ன்னு கேட்டேன். 'அது அவங்களே செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தனியா நின்னு அறுப்பாங்க. தலகீழாப் போட்டு அறுக்காங்களேன்னு நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். கேட்டா ஏசுவாங்க'ன்னாரு.

சொவத்தப் பாத்தேன். நான் மாத்திக் குடுத்த பிளேடு எல்லாம் வரிசையா ஆணியில தொங்குது. ஒண்ணுக்கொண்ணு ஒரசாம இடையில துணி. பல்லுல லேசா எண்ணெ. நான் எப்பிடி வைக்கச் சொன்னேனோ அப்பிடியே. பாதிய மெஷின்ல மாட்டவே இல்ல.

அப்பத்தான் அண்ணாச்சி எனக்கு எல்லாம் வெளங்கிச்சு. அந்தம்மா கடை வைக்கப் போறாவ! புளியங்குடியில பிளேடு கடை! வாராவாரம் வந்து ஒண்ணுந் தெரியாத மாரி உக்காந்து என் தொழில் ரகசியம் பூராவும் கறந்துட்டாவ. சரக்கும் சேத்து வச்சாச்சு. நான் ஒரு மடையன், படம் போட்டு வேற விளக்கியிருக்கேன்.

மைனி, புரை ஏறிட்டா? தலையத் தட்டுங்க அண்ணாச்சி. மெதுவா, மெதுவா.

அன்னைக்கே கேட்டுருப்பேன். ஆனா அவிய உள்ளேருந்து வந்துட்டாவ. தலையில மரத்தூளு. குடைய வாங்கி, விரிச்சுப் பாத்து, மடக்கி, மார்போட அணைச்சுக்கிட்டாவ. அவிய கையால எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஜூஸ் போட்டுக் குடுத்தாவ. புளியங்குடி எலுமிச்சை கேக்கணுமா? நான் வந்த கோவத்த மறந்துட்டு ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

அப்பத்தான் சொன்னாவ, பெரிய மேஜை மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன்னு. முழுப் பலகையையும் ஒரே ஓட்டத்துல அறுக்குத மெஷின். அடியில ஒரு குட்டி பிளேடு மொதல்ல கோடு கீறிட்டுப் போகும், பின்னாலயே பெரிய பிளேடு வந்து அறுக்கும், ரெண்டு பக்கமும் சில்லே வராது. 'பிளேடு, சாணை எல்லாம் மெஷின் கம்பெனிக்காரவியளே வந்து பாத்துக்கிடுவாவளாம். இனிமே புதன்கிழமை தென்காசிக்கு வாரதுக்கு எனக்கு வேலை இருக்காது'ன்னாவ. சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாவ.

நான் பெருந்தன்மையாச் சொன்னேன், 'நல்லதாப் போச்சு, உங்களுக்கு பஸ் அலைச்சல் மிச்சம்'னு.

என்ன அண்ணாச்சி, தலையில அடிச்சுக்கிடுதிய? கொசுவா?

அவிய டம்ளர எடுத்துக்கிட்டாவ. உள்ள போயிட்டாவ. நானும் படியிறங்கிட்டேன். தெரு முக்கு வரைக்கும் போனவன பின்னாலயே வந்து நிறுத்துனாவ. மூச்சு வாங்குது. 'இங்க பாருங்க. அடுத்த புதன்கிழமை மெஷினுக்குப் பூசை. மொத பிளேடு நீங்கதான் கொண்டு வரணும். நீங்களே பாத்து எடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க'ன்னாவ. அந்தப் புதன்கிழமைதான் இன்னைக்கு. பூசை முடிஞ்ச உடனே கேட்டுற வேண்டியதுதான், 'கடை வைக்கப் போறியளா இல்லியா, உள்ளதச் சொல்லுங்க'ன்னு. அதான் தகராறு.

அக்கா வரல. முட்டி வலியாம். 'மொதல்ல நீ போயிட்டு வாலே. பொறவு நாள் பாத்து முறைப்படி நான் வாரேன்'ன்னா. பிளேடு மாட்டுததுக்கு என்ன அண்ணாச்சி முறை? நாலு போல்ட்டு. ஆனா விடியக்காலையிலயே பூ மார்க்கெட்டுக்குப் போயி மல்லியும் பிச்சியும் வாங்கிக் கட்டி, வெத்தல பாக்கு, பழம்னு கூடைய நெறச்சுட்டா.

இந்த ஒரு பிளேடு எடுக்கதுக்கு நான் பட்ட பாடு இருக்கே! மத்தவனுக்குன்னா கேள்வி கேட்டு முடிக்கதுக்குள்ள எடுத்துருவேன். இதுக்கு வாரம் பூரா ஆச்சு. மெஷின் விவரமெல்லாம் போன்ல கேட்டாச்சு. தொண்ணூத்தாறு பல்லு, ஒரு பல்லு தட்டை, மறு பல்லு மூலை சீவினது. அடியில கோடு கீறுத குட்டி பிளேடோட கனத்துக்கு இது ஒத்து வரணும், இம்மி கூடினாலும் ஓரத்துல படி விழுந்துரும். அளந்து அளந்து பாத்தேன். பெட்டி பெட்டியாப் பிரிச்சு, பல்லு பல்லா லென்ஸ் வச்சுப் பாத்தேன். ஒண்ணுல ஒரு பல்லு மங்கலாத் தெரிஞ்சுச்சு, வேண்டாம்னு வச்சேன். இன்னொண்ணு சுண்டினா ஓசை சரியில்ல. கடைசியா இது கெடச்சுது. சுண்டினா கோயில் மணி மாரி நிக்கும். சாணைக்கு வரும்போது மாறிறக் கூடாதுன்னு பிளேடுல பட்டறைப் பேரு பொறிக்கது வழக்கம். பேரு ரொம்ப நீளம், எடம் பத்தல. அதனால உலகம்மைன்னு மட்டும் பொறிச்சேன். மூணு தரம் பேப்பர்ல எழுதிப் பாத்துட்டுத்தான் பொறிச்சேன். எழுத்து நல்லா வந்திருக்கு, பிரிச்சுக் காட்ட முடியல, இல்லாட்டி காட்டுவேன்.

உள்ளதச் சொன்னா, கம்பெனிக்காரன் வந்துட்டாம்னா இனிமே அந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கும். புதன்கிழமை யாருக்கு டீ சொல்ல? யாருகிட்ட பேச? வியாபாரக் கவலைதான்.

அண்ணாச்சி, மைனி உங்களத்தான் கூப்பிடுதாவ.

சொக்கம்பட்டி வந்துட்டா? ஆமா, வந்துட்டு.

மைனி... ஒரு நிமிஷம். இப்ப அண்ணாச்சிய என்ன சொல்லிக் கூப்பிட்டிய?

இல்ல, திருப்பிச் சொல்லுங்க.

'இங்க பாருங்க, சொக்கம்பட்டி வந்துட்டு'ன்னா சொன்னிய?

எப்பவும் அப்பிடித்தான் கூப்பிடுவியளா? கல்யாணம் ஆன நாள்லேந்தா? பேரு சொல்ல மாட்டிய. அது சரி. வேற யாரையாவது, அடுத்த வீட்டு ஆளு, கடைக்காரன், அப்பிடி யாரையாவது 'இங்க பாருங்க'ன்னு...? அவியள எல்லாம் அண்ணாச்சிம்பிய. அண்ணாச்சின்னுதான் சொல்லுவிய.

இருங்க, இருங்க. கொஞ்சம் பேசாம இருங்க.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம், தனியா நின்னு, தலகீழாப் போட்டு அறுத்தாவ. சில்லு பேக்கணும்னே அறுத்தாவ. புதன்கிழமை கொண்டு வரதுக்கு. கடை வைக்கவ எவளாவது காஞ்சு போன குடையை விரிச்சுப் பாத்து நெஞ்சோட அணைப்பாளா? ராஜபாளையத்துல இல்லாத பிளேடு கடையா? அத விட்டுட்டு எதுக்கு தென்காசிக்கு வரணும்? மைனி, அவிய சத்தம் கேக்குன்னு வந்தாவள்லா, அன்னைக்கு பிளேடையே கொண்டு வரல. துண்டும் இல்ல. வெறுங்கையோட வந்தாவ. நான் அரை மணி நேரம் சத்தத்தப் பத்தி விளக்கினேன்.

தங்கச்சின்னு சொல்லிட்டேனே மைனி! மேஸ்திரி முன்னால, கணீர்னு!

அலைச்சல் மிச்சம்னு வேற சொன்னேன்.

சிரிங்க, நல்லா சிரிங்க. அண்ணாச்சி நீங்களும் சிரிங்க. அப்ப நீங்க எப்ப கண்டுபிடிச்சிய? நாற்காலி வாங்கினேன்னு சொன்னப்பயா? அதுக்கு முன்னாலயேவா? டியூப்லைட்டு சொன்னப்பவே! எங்க அக்காவுக்கும் தெரிஞ்சிருக்கு. இலஞ்சி மேஸ்திரிக்கும் தெரிஞ்சிருக்கு. தென்காசி பூராவும் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான்... எனக்கும் தெரியும் மைனி. எங்கியோ உள்ள தெரியும். இல்லாட்டி எதுக்கு அந்தத் துண்டையெல்லாம் தெனமும் தொடைக்கேன்?

பயமா இருக்கு மைனி. சத்தியமா. இந்த வயசுல இது என்ன கூத்து. ஆனா சந்தோசமா இருக்கு. இவ்வளவு சந்தோசமா நான் இருந்ததே கெடையாது.

அய்யோ, புளியங்குடி வந்துட்டு. அண்ணாச்சி, இந்த பிளேடைக் கொஞ்சம் பிடிங்க. கூடை, கூடை எங்க? சீட்டுக்கு அடியிலல்லா தள்ளச் சொன்னேன் பாவி! பூ நசுங்கிட்டா? ஒரு ஓரம் நசுங்கியிருக்கு. மைனி, கொஞ்சம் உதறிக் குடுங்க. தண்ணி தெளிங்க. போதும், போதும், நல்லா இருக்கு. மணக்குதுல்லா? பிளேடை இந்தக் கக்கத்துல சொருவுங்க அண்ணாச்சி. போர்வை நழுவினா நழுவுது, இடிச்சா இடிக்குது. எனக்கு ரெண்டு கையும் கூடைக்கு வேணும்.

கண்டக்டரே, ஆள் இறங்கணும், பொறுங்க!

அந்தா, அந்தா நிக்காவ மைனி. பஸ்ஸ்டாப்புலயே வந்து நிக்காவ. பச்சச் சேல. நல்லா வெயில் அடிக்கி, அந்தக் குடையைப் பிடிச்சிட்டு நிக்காவ. என்னத் தேடுதாவ, பின்படியப் பாக்காவ, நான் முன்படியில நிக்கேன். இப்ப என்ன சொல்லிக் கூப்பிட மைனி? இத்தன நாளும் ஓனரம்மான்னுதான் கூப்பிட்டேன், ஒரு நா தங்கச்சின்னு சொல்லிக் கெடுத்தேன். பேரச் சொல்லவா? நடுரோட்டுலயா?

வேண்டாம், சொல்லாதிய. எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாரேன் மைனி, வாரேன் அண்ணாச்சி.

இங்க பாருங்க! இந்தப் பக்கம்! இங்க பாருங்க, நான் வந்துட்டேன்!